இருமல்

நாட்றாம்பாளையம் பஸ் திரும்பிப் போனபின்
எங்கள் பக்கம் வர
சக்கரம் வைத்தது எதுவுமில்லை.
ஐந்துக்கு அடுப்பு மூட்டி
ஏழுக்குள் களி கிண்டி
பாத்திரமும் கழுவிவிட வேண்டும்.
அதற்குமேல் வாசல் என்னுடையதில்லை.

கக்கூஸ் சர்க்கார் கட்டிக்கொடுத்தது.
கதவிலிருந்து முப்பத்தி நாலு தப்படி.
பகலில் எண்ணினால் முப்பத்தி நாலு.
ராத்திரியில் நான் எண்ணி முடித்ததே இல்லை.
பெயிண்ட் வந்த பழைய வாளி ஒன்று
கதவுக்கு உள்பக்கம் இருக்கிறது.
யாரிடமும் சொன்னதில்லை.
இப்போது சொல்லிவிட்டேன்.

பசவராஜுக்கு ஓசூரில் நைட் ஷிப்ட்.
வண்டிக்கு பிரேக் செய்கிற கம்பெனி.
பத்தரை மணி டீக்கு வெளியே வந்து கூப்பிடுவான்.
டவர் ஒற்றைக் கோடு, அதுவும்
ஜன்னலின் மூன்றாவது கம்பியில்
கன்னத்தை அழுத்திக்கொண்டால்தான்.
"பயமா இருக்கா?"
"இல்ல."
அவன் பக்கம் இரும்பை இரும்பு அடிக்கும்.
என் பக்கம் அவரைக்கொடி உரசும்.
காற்றுதானா என்று கேட்டுக்கொண்டே பேசுவேன்.

வனத்துறை குரூப்பில் செய்தி வரும்:
யானை நடமாட்டம், வெளியே வர வேண்டாம்.
காலையில்தான் வந்து சேரும்.

முதலில் லைட்டைப் போட்டுவைத்துப் பார்த்தேன்.
அது இருட்டுக்கு என்னைத்தான் காட்டிக்கொடுத்தது.
சாமியைக் கூப்பிட்டுப் பார்த்தேன்.
எங்கள் மாதேஸ்வரன் ஏறி வருவதே புலிமேல்.
அவரிடம் போய் இதை எப்படிச் சொல்ல?

பிறகு சத்தங்களுக்குப் பேர் வைத்தேன்.
ஓட்டின்மேல் ஓடுவது மரநாய்.
கடலைக்காட்டில் மூக்கால் உழுவது பன்றி.
பெருமூச்சு விடுவது எங்கள் செவலை.
பேர் தெரிந்துவிட்டால் பாதிப் பயம் கழியும்.
யானைக்குத்தான் சத்தமே இல்லை.
அத்தனை உடம்பையும் எங்கே வைத்துவிட்டு நடக்கிறதோ,
ராகிக்கதிர் தானாக விலகுவதுபோல் இருக்கும்.

கார்த்திகைக் கடைசி. அறுத்துப் போர் போட்டிருந்தோம்.
சுவருக்கு மிக அருகில்
ஒரு வயிறு உருண்டது.
என் வயிறு என்று நினைத்தேன்.
அப்புறம் ஜன்னல் இருண்டது.
ஏற்கெனவே இருட்டுதான்,
அதற்குமேலும் இருண்டது.
நனைந்த வைக்கோல், புளித்த கூழ், மண்.
யமுனா போர்வைக்கு வெளியே
ஒரு காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தாள்.
கத்தத்தான் வாயைத் திறந்தேன்.
இருமல் வந்தது.
என் இருமல் இல்லை.
பசவராஜு பீடி பிடித்த காலத்து இருமல்:
அடித்தொண்டையில் இரண்டு இழுப்பு,
கடைசியில் ஒரு காறல்.

வெளியே மூச்சு நின்றது.
உள்ளேயும்தான்.
எவ்வளவு நேரம் தெரியாது,
அதுவும் நானும்
ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு நின்றோம்.
பிறகு ஜன்னல் பழையபடி
வெறும் இருட்டானது.

விடிந்து பார்த்தால் போரில் பாதி இல்லை.
சுவரில் சேறு,
என் தலைக்கு மேல் இரண்டு முழம்.
இருமலுக்கு அஞ்சிப் போனது என்று
சத்தியம் செய்யமாட்டேன்.
வயிறு நிறைந்திருக்கலாம்.
ஆனாலும் அன்றிலிருந்து
ஒன்பதுக்கு ஒருதரம், பன்னிரண்டுக்கு ஒருதரம்,
வாளிக்குப் போகும்போது ஒருதரம்
இந்த வீட்டில் ஓர் ஆம்பிளை இருமுகிறான்.
யமுனா அங்கன்வாடியில் இருமிக் காட்டினாளாம்.
சளி முற்றிவிட்டது,
அஞ்செட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ
என்றார் டீச்சர்.

ஞாயிற்றுக்கிழமை பசவராஜு வந்தான்.
லாரி ஓடும் ரோட்டோரத்து அறையில்
பகலில் தூங்கிப் பழகியவன்.
இங்கே புரண்டுகொண்டே கிடந்தான்.
ஒருமணி இருக்கும்,
ஓடைப்பக்கம் மூங்கில் ஒடிந்தது.
அவன் கை தேடிவந்து
என் மணிக்கட்டைப் பிடித்தது.
ஈரமான கை.
"அது..." என்றான். மேலே சொல்லவில்லை.

நான் எழுந்திருக்கவில்லை.
லைட்டைத் தொடவில்லை.
சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பி
இரண்டு இழுப்பு,
ஒரு காறல்.

மூங்கில் அதன்பிறகு ஒடியவில்லை.
நான் கண்ணை மூடினேன்.
பக்கத்தில் படுத்திருக்கிறவன்
வெகுநேரம் கழித்து
மூச்சுக்குள்ளேயே கேட்டான்:
"யாருடி அது?"